எடுத்த பேக்கப் திரும்பி வருமா?

மளிகை மொத்த வியாபாரக் கடைகளில், இரவு கல்லாவை எண்ணி முடித்த பிறகு கணக்கு பார்க்கும் பையன் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "பேக்கப் எடுத்தாச்சு அண்ணாச்சி." பென்டிரைவ் கைமாறும். அண்ணாச்சி அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்புவார். சாஃப்ட்வேர் ஆட்கள் இதைப் பார்த்தால் சிரிப்பார்கள். கிளவுடு வந்து இத்தனை வருஷமாகியும் இன்னும் பென்டிரைவா என்பார்கள். நான் அண்ணாச்சி கட்சி. ஆனால் பாதி வழி வரைக்கும்தான்.

2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் நிரல் சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டியது. இந்த ரகத்தைச் சேர்ந்தவை ஒரு சிஸ்டத்துக்குள் புகுந்துவிட்டால், அதில் செருகியிருக்கும் ஹார்டு டிஸ்க், நெட்வொர்க்கில் பகிர்ந்திருக்கும் ஃபோல்டர் என்று கைக்கு எட்டியதையெல்லாம் தேடிப் பூட்டும். சட்டைப்பை அதற்கு எட்டாது. பென்டிரைவ் வழக்கத்தின் உண்மையான பலம் இது. டேலி ஃபோல்டரை கூகுள் டிரைவோடு சிங்க் செய்துவிட்டு, பேக்கப் தானாக ஓடுகிறது என்று நிம்மதியாக இருப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. இங்கே பூட்டிய ஃபைல் அங்கேயும் பூட்டியபடியே போய்ச் சேரும். இங்கே அழித்தது அங்கேயும் அழியும். டிரைவின் குப்பைத்தொட்டியில் விழுந்தது 30 நாளில் காலியாகிவிடும். அக்டோபரில் கைதவறி அழிந்த பழைய வருஷக் கணக்கை நாம் தேடுவது ஆடிட்டர் கேட்கும்போதுதான்.

இனி எதிர்த்தரப்பு. பேக்கப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் சொல்லும் 3-2-1 விதியைப் பரவலாக்கியவர் பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர். மூன்று பிரதிகள், இரண்டு விதமான சாதனங்கள், ஒரு பிரதி வேறு இடத்தில். ஒரே மூச்சில் சொல்லிவிடலாம், சின்னக் கடைக்கும் கட்டுப்படியாகும்: சிஸ்டத்தில் இருப்பது ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று, கிளவுடில் ஒன்று. இதைவிட எளிமையாக யாரும் சொல்லிவிடவில்லை. ஆனால் அந்த 'வேறு இடம்' எவ்வளவு தூரம் என்பதை விதி சொல்வதில்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது ஜாபர்கான்பேட்டையில் கடையும் சைதாப்பேட்டையில் வீடும் இருந்தவருக்கு இரண்டும் ஒரே இடம்தான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரையில் ஊர் ஊராகத் தண்ணீர் நின்றது. பக்கத்து ஊரில் இருக்கும் மச்சான் வீட்டு பீரோ அன்றைக்கு என்ன பாதுகாப்பு தந்திருக்கும்? பணம் வாங்கிக்கொண்டு இதே வேலையைச் செய்யும் பெரிய நிறுவனங்களும் விதிவிலக்கில்லை. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, சில வாடிக்கையாளர்களின் பேக்கப்பும் எரிந்த வளாகத்துக்குள்ளேயே இருந்தது தெரியவந்தது. கிளவுடு என்றாலும் அது ஏதோ ஒரு ஊரில் ஒரு கட்டடம்தான்.

பிரதி எத்தனை நாள் பழையது என்பதையும் விதி கேட்பதில்லை. நம் கடைகளில் அதிகம் நடக்கும் சேதம் இங்கேதான் என்பேன். நேற்றைய ஃபோல்டர் மேலேயே இன்றையதை ஒட்டுவார்கள். கம்ப்யூட்டர் 'ரீப்ளேஸ் செய்யவா' என்று கேட்கும். ஆமாம் என்று தட்டுவார்கள். மின்வெட்டில் பாதியில் நின்று டேட்டா கெட்டுப்போன நாளன்றும் இதே கைப்பழக்கம்தான். நல்ல பிரதியைக் கெட்ட பிரதி தின்றுவிடும். கிழமைக்கு ஒரு ஃபோல்டர், மாதக் கடைசிக்குத் தனியாக ஒன்று என்று வைத்தால் இது தீரும். கூடுதல் செலவு என்று எதுவும் இல்லை.

இவையெல்லாம் சரிசெய்துகொள்ளக்கூடிய குறைகள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், வேறு சர்வர் என்று நினைத்து முக்கிய டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப் எடுக்க அவர்களிடம் ஐந்து வழிகள் இருந்தன. தேடிப் பார்த்தால், தினமும் எடுப்பதாக நம்பிய பிரதி வெகுநாளாகவே எடுக்கப்படவில்லை. பதிப்பு பொருந்தாமல் நிரல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் தற்செயலாக எடுத்து வைத்திருந்த பிரதிதான் கம்பெனியைக் காப்பாற்றியது. நடந்ததை மறைக்காமல் எழுதி வெளியிட்டார்கள், அது பாராட்டத்தக்கது. ஆட்பலமும் அறிவும் உள்ள இடத்திலேயே இந்தக் கதி என்றால், ஒற்றை சிஸ்டம் வைத்திருக்கும் கடையில் யார் திறந்து பார்க்கப்போகிறார்கள்?

யாரும் பார்ப்பதில்லை. அதற்குக் காரணம் சோம்பல் மட்டும் என்று சொன்னால் அநியாயம். டேலியில் பேக்கப் எடுப்பதில் பயமில்லை. ரீஸ்டோர் செய்வதில் இருக்கிறது. அதே டேட்டா ஃபோல்டரில் ரீஸ்டோர் கொடுத்தால் பழைய பிரதி இன்றைய கணக்கின் மேலேயே உட்கார்ந்துவிடும். ஒரு தடவை அப்படிப் போனதைக் கேள்விப்பட்ட பையன் அந்தப் பக்கமே போகமாட்டான். 'சோதனை' என்று புது ஃபோல்டர் போட்டு, அதில் ரீஸ்டோர் செய்து, கம்பெனியைத் திறந்து, கடைசி விற்பனை பில் எண்ணையும் ரொக்க இருப்பையும் அன்றைய நோட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை, கடை அசந்திருக்கும் ஒரு மத்தியானத்தில் செய்துவிடலாம். டேலிவால்ட் பாஸ்வேர்டு போட்டிருந்தால் இன்னும் அவசியம். அது மறந்துபோனால் எத்தனை பிரதி இருந்தும் திறக்காது.

வேடிக்கை என்னவென்றால், சட்டம் இதைக் கேட்கத்தான் செய்கிறது. 2017ஆம் ஆண்டு ஜிஎஸ்டி விதிகளில் 57ஆவது விதி, மின்னணுக் கணக்குகளுக்கு பேக்கப் வைக்கச் சொல்வதோடு நிற்பதில்லை. விபத்திலோ இயற்கைச் சீற்றத்திலோ அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி அது இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் கணக்கை ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பிரைவேட் லிமிடெட் முதலிய கம்பெனிகளுக்கு 2022 ஆகஸ்டில் திருத்திய விதியோ, இந்தியாவிலுள்ள சர்வரில் தினசரி பேக்கப் என்று நாளையும் இடத்தையும் கறாராகச் சொல்கிறது. இரண்டாவது விதியைத்தான் ஆடிட்டர்கள் ஞாபகப்படுத்துவார்கள், அதை டிக் அடிக்க முடியும் என்பதால். 'நியாயமான காலம்' எத்தனை நாள் என்று கடைக்காரரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஒருவாரம் பில் போடாமல் தாங்கும் கடையும் உண்டு, ஒருநாள் தாங்காத மருந்துக்கடையும் உண்டு.

இன்னொன்று. கிளவுடு பிரதி பல கடைகளில் கணக்குப் பையனின் சொந்த ஜிமெயிலில்தான் கிடக்கிறது. அவன் வேலையை விட்டு வேறு ஊருக்குப் போனால் பேக்கப்பும் கூடவே போகும். பில்லிங் சாஃப்ட்வேர் விற்பவர்களும் வருஷப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் 'ஆட்டோ பேக்கப்' என்று ஒரு வரி போட்டுப் பணம் வாங்கிக்கொள்கிறார்கள். சிஸ்டம் போனால் எத்தனை மணி நேரத்தில் கடையை எழுப்பித் தருவார்கள் என்று அதில் எழுதியிருக்காது. அடுத்த முறை புதுப்பிக்கக் காசோலை கேட்டு வரும்போது, அந்த வரியையும் எழுதி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடலாம். மின்னஞ்சல் கணக்கையும் அதே நாளில் கடை பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம்.