மந்திரம் தெரிந்த கதாநாயகிகள்

கதாநாயகிக்கு மந்திரம் தெரியும் என்று எழுதிவிட்டால் ஆசிரியனுக்குப் பாதி வேலை மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். கதை எழுதிப் பார்த்த என் அநுபவம் இதற்கு நேர்மாறானது. நினைத்ததை எல்லாம் நடத்திக்கொள்ளக் கூடியவளுக்குக் கதை ஏது? பூட்டிய கதவு திறந்துகொள்ளும், எதிர்த்தவன் ஆட்டுக்குட்டியாகிவிடுவான், இரண்டாம் அத்தியாயத்தில் வாசகர் கொட்டாவி விடுவார். விஷயம் தெரிந்த ஆசிரியர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அவளுக்கு எது மிகவும் வேண்டுமோ, அந்த ஒரு இடத்தில் மட்டும் மந்திரம் பலிக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

யூரிபிடீஸ் எழுதிய 'மெடீயா' நாடகம் கி.மு. 431-இல் ஆதென்ஸ் நகரத்துப் போட்டியில் அரங்கேறி மூன்றாம் இடம் பெற்றது. போட்டியிட்டவர்களே மூன்று பேர்தான்! பரிசு கொடுக்கிறவர்கள் எந்தக் காலத்திலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.

மெடீயா சூரியனின் பேத்தி. கோல்கிஸ் அரசனின் மகள். ஜேசன் என்ற கிரேக்க வீரனுக்காகத் தகப்பனாரை ஏமாற்றி, உடன்பிறந்தவனைக் கொன்று, தங்க ஆட்டுத்தோலைக் காத்த நாகத்தையும் தீர்த்துக் கட்டியவள். அப்பேர்ப்பட்டவளை, இரண்டு குழந்தைகள் பிறந்த பிறகு, ஜேசன் கைவிட்டுக் கொரிந்து அரசனின் மகளை மணக்கிறான். நாகத்தை வென்றவளுக்குப் புருஷன் மனத்தைத் திருப்பும் வித்தை தெரியவில்லை. நாடகம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

அதற்குப் பிறகு அவள் என்ன செய்கிறாள் என்று கவனியுங்கள். பேசுகிறாள். நாடு கடத்த வந்த அரசனிடம் கெஞ்சி ஒரே ஒரு நாள் தவணை வாங்குகிறாள். அவளைக் கண்டு பயப்படும் அரசன், பயந்துகொண்டே கொடுக்கிறான். பிள்ளையில்லாத ஆதென்ஸ் மன்னனிடம், மருந்து தருகிறேன் என்று சொல்லி அடைக்கலத்துக்குச் சத்தியம் வாங்குகிறாள். ஜேசனிடம் அடங்கிப்போனவள்போல் நடிக்கிறாள். விஷம் தோய்த்த ஆடையும் கிரீடமும் குழந்தைகள் கையாலேயே புது மணப்பெண்ணுக்குப் போகின்றன. அவள் எரிந்து சாகிறாள். மகளைத் தழுவிய தகப்பனும் சாகிறான். இதுவரையில் மருந்து வேலை செய்தது. குழந்தைகளைக் கொல்லும்போதோ அவள் கையில் இருப்பது வெறும் வாள். அதற்கு முன் எத்தனை தடவை மனம் மாறி மாறித் தவிக்கிறாள்! அந்தத் தவிப்பை அடக்க ஒரு மூலிகையும் அவளிடம் இல்லை.

முடிவில் சூரியன் அனுப்பிய ரதத்தில் அவள் தப்பிப் போவது அரிஸ்டாட்டிலுக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது. ரதம் அவளைத் தண்டனையிலிருந்துதான் காப்பாற்றுகிறது, செய்ததிலிருந்து அல்ல.

ரோமாபுரி ஸெனேகாவும் கி.பி. முதல் நூற்றாண்டில் இதே கதையை நாடகமாக்கினார். பாம்பு, விஷப்பூண்டு, நீண்ட மந்திர உச்சாடனம் எல்லாம் அதில் ஏராளம். படித்தால் மயிர்க்கூச்செறிய வேண்டும், எனக்குச் செறியவில்லை. அவளைச் சூனியக்காரி என்று ஒதுக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். யூரிபிடீஸின் மெடீயாவை அப்படி ஒதுக்க முடியாது. அடுத்த வீட்டில் அழுகிற பெண்ணின் குரல் அவளுடையது.

நம்முடைய மணிமேகலையும் மந்திரக்காரிதான். பள்ளிக்கூடத்தில் அமுதசுரபியை மட்டும் சொல்லிக்கொடுத்து அதை மறக்கடித்துவிட்டார்கள். வேற்றுருக் கொள்ள, வானில் செல்ல, பசியைத் தாங்க என்று மூன்று மந்திரங்கள் அவளுக்குக் கிடைக்கின்றன. சோழ இளவரசன் உதயகுமரன் அவளைத் தொடர்கிறான். முற்பிறவியில் அவன் தன் கணவன் என்று அவளுக்குத் தெரியும். மனசும் அவன் பக்கம் சாய்கிறது. விலகிக்கொள்ள, காயசண்டிகை என்ற வேறொருத்தியின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் மனைவியைத் தேடி வருகிறான். மந்திரம் குறையில்லாமல் பலித்திருக்கிறது. அதனால் அவனும் ஏமாறுகிறான். தன் மனைவிதான் இளவரசனோடு பழகுகிறாள் என்று நினைத்து, நள்ளிரவில் உதயகுமரனை வெட்டிவிடுகிறான்.

எந்த ஆசையிலிருந்து தப்ப மந்திரம் சொன்னாளோ, அதே மந்திரம் அவனைக் கொன்றுவிட்டது. வேஷத்தைக் கலைத்துச் சொந்த உருவத்தில் அழுதுகொண்டு அவள் உடலை நெருங்குகிறாள். தூணிலிருக்கும் தெய்வப்பாவை, போகாதே என்று தடுத்துப் பழவினையை விளக்குகிறது. சாத்தனாருக்கு அந்த விளக்கம் முக்கியம். அவர் பௌத்தத்தைச் சொல்ல வந்தவர். நான் கதைக்காரன். பாவை பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் அவள் எடுத்து வைத்த அந்த இரண்டு அடிகளோடு நின்றுவிடுகிறேன்.