வகுப்பறையை எழுதுதல்

ஆரம்பப் பாடசாலை வகுப்பொன்றில் ஒரு வாரம் கழிந்து போகிறது. அவ்வாரத்திலிருந்து எழுத்தில் எஞ்சுவது யாது? வரவு இடாப்பிற் சில அடையாளங்கள், பாடக்குறிப்பிற் சில தலைப்புகள், சம்பவத்திரட்டில் அதிகாரி ஒருவரின் வருகையைப் பற்றிய இரண்டொரு வரிகள், விடைத்தாள்களிற் சில புள்ளிகள். பாடத்திட்டம் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை இவை சொல்லும். பிள்ளை நகர்ந்ததா, நகராவிடில் ஏன் நகரவில்லை என்பதை இவை சொல்லமாட்டா.

பதிவேடு சொல்லாததைச் சொல்வது இலக்கியத்தின் கடமை. ஆனால் நமது சிறுகதைகளிலே வகுப்பறை இடம்பெறும்போது பெரும்பாலும் நாம் காண்பது என்ன? தியாகமே உருவான ஓர் ஆசிரியர். கிழிந்த சட்டையும் கூரிய அறிவுமுள்ள ஓர் ஏழைச் சிறுவன். இறுதியில் அச்சிறுவன் பெரிய உத்தியோகத்தனாகத் திரும்பிவந்து ஆசிரியரின் காலைத் தொட்டு வணங்குகிறான். ஆசிரியர்களே எழுத்தாளராகவும் இருக்கும் ஒரு நாட்டில் இந்த அச்சு ஏன் இத்துணை காலம் நிலைத்திருக்கிறது என்பது ஆராயத்தக்கது. அதனை ஆராய்வதற்கு, வகுப்பறையை எழுதிய இரு நூல்களை அளவுகோலாகக் கொள்வது பயன்தரும். ஒன்று 1862ஆம் ஆண்டில் டால்ஸ்டாய் தமது யஸ்னயா பொல்யானா பள்ளியைப் பற்றி எழுதிய கட்டுரைகள். மற்றது 1967ஆம் ஆண்டில் இத்தாலிய மலைக்கிராமமொன்றின் சிறுவர் எழுதிய ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’. முன்னது ஆசிரியர் எழுதியது. பின்னது மாணவர் எழுதியது. இவ்விரண்டுக்குமிடையே நூறாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியும், ஒரு வர்க்கத்தின் இடைவெளியும் உண்டு.

டால்ஸ்டாய் 1859இல் தமது பண்ணையிலே விவசாயிகளின் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். ருஷ்யாவிற் பண்ணையடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1861இல். ஆகவே பள்ளி தொடங்கியபோது அங்கு வந்த பிள்ளைகள் அடிமைகளின் பிள்ளைகள். அவர்களுக்குக் கற்பித்தவர் அவர்களுடைய பெற்றோருக்கு எஜமானர். இந்த உண்மையை மனத்திற் கொள்ளாது அப்பள்ளியின் ‘சுதந்திர’த்தைப் புகழ்வது அரைகுறை விமர்சனமாகவே முடியும். 1860-61இல் அவர் ஜெர்மனி, பிரான்ஸ், இங்கிலாந்து முதலிய நாடுகளுக்குச் சென்று பள்ளிக்கூடங்களைப் பார்த்தார். 1862இல் பள்ளியின் பெயரிலேயே ஒரு சஞ்சிகையை நடத்தினார். நவம்பர், டிசம்பர் மாதங்களில் அப்பள்ளியில் நிகழ்ந்தவற்றை விவரிக்கும் அவருடைய நீண்ட கட்டுரை அதிலேதான் வெளிவந்தது.

அக்கட்டுரையின் சிறப்பு யாது? பிள்ளைகள் வெறுங்கையோடு பள்ளிக்கு வருகிறார்கள். புத்தகமில்லை, வீட்டுவேலை இல்லை, நேற்றைய பாடத்தை நினைவில் வைத்திருக்கவேண்டிய கட்டாயமுமில்லை. ஆசிரியர் அறைக்குள் நுழையும்போது சிறுவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்டுகொண்டிருக்கிறார்கள். அவர் அதட்டுவதில்லை. சிறிது நேரத்தில் ஒருவன் புத்தகத்தை எடுக்கிறான், மற்றவனும் எடுக்கிறான், குவியல் தானாகவே கலைகிறது. இவற்றை டால்ஸ்டாய் போர்க்களத்தையோ அறுவடையையோ வருணிப்பதுபோன்ற கவனத்தோடு வருணிக்கிறார். நாற்பது பேர் பதிவாகியிருந்தும் முப்பதுக்கு மேற்பட்டோர் ஒருங்கே வருவது அரிது எனக் கணக்கும் சொல்கிறார்.

இதனினும் முக்கியமானது, ஆசிரியரின் தோல்வியை அவர் பதிவு செய்த முறை. பண்டைய நாடுகளின் வரலாற்றை வரன்முறையாகக் கற்பிக்க முயன்றார். பிள்ளைகளின் மனத்தில் ஒன்றும் தங்கவில்லை. புஷ்கினின் கதையை வாசித்துக் காட்டினார். அது அவர்களைத் தொடவில்லை. ‘ரொபின்சன் குரூசோ’ கதையுடன் பல நாள் போராடினார், அதுவும் பயன்படவில்லை. நெப்போலியன் 1812இல் ருஷ்யாமீது படையெடுத்த கதையைச் சொன்னபோதோ வகுப்பறை கொந்தளித்தது. அந்த எழுச்சியையும் அவர் தமது வெற்றியெனக் கொண்டாடவில்லை. அது தேசாபிமான உணர்ச்சியே தவிர வரலாற்றறிவு ஆகுமா என்று ஐயுறுகிறார். எந்தப் பாடக்குறிப்பேட்டிலே இத்தகைய ஐயத்தைக் காண்கிறோம்? ‘பாடம் நடைபெற்றது’ என எழுதுவதற்கும் ‘பாடம் நடைபெற்றது, பிள்ளைகள் கற்கவில்லை, காரணம் நான் தெரிந்தெடுத்த முறை’ என எழுதுவதற்குமிடையே உள்ள தூரமே அலுவலகப் பதிவுக்கும் யதார்த்த இலக்கியத்துக்குமிடையே உள்ள தூரம்.

களவு பற்றிய நிகழ்ச்சி இதற்குச் சிறந்த சான்று. பள்ளியிற் பொருள்கள் சில காணாமற்போகின்றன. எடுத்த சிறுவன் அகப்படுகிறான். தண்டனை என்னவென்று மாணவரே முடிவு செய்கிறார்கள்: ‘திருடன்’ என்று எழுதிய சீட்டொன்று அவன் சட்டையிற் பொருத்தப்படுகிறது. ஆசிரியர் இணங்குகிறார். சில காலத்தின்பின் அச்சிறுவன் மீண்டும் களவெடுக்கிறான்; மீண்டும் சீட்டு. அவனது முகத்தைக் கண்ட டால்ஸ்டாய் அச்சீட்டைப் பிய்த்தெறிகிறார். தண்டனை அவனைத் திருத்தவில்லை என்பதோடு, தண்டிக்கும் உரிமை தமக்கு உண்டா என்ற கேள்வியும் அவருள் எழுகிறது. ஒரு சிறுவனின் முகத்திலிருந்து ஒரு சமுதாயத்தின் நீதிமுறையைக் கேள்வி கேட்கும் இடம் இது. பின்னாளில் ‘புத்துயிர்ப்பு’ நாவலிலே நீதிமன்றத்தையும் சிறைச்சாலையையும் அம்பலப்படுத்திய பேனா, இந்த வகுப்பறையிலே கூர்மைப்படத் தொடங்கியது எனலாம்.

அதே ஆண்டில் அவர் எழுதிய இன்னொரு கட்டுரை, விவசாயிகளின் பிள்ளைகள் நம்மிடம் எழுதக் கற்பதா, நாம் அவர்களிடம் கற்பதா என்ற கேள்வியை எழுப்புகிறது. பழமொழியொன்றை வைத்துக் கதை எழுதும் முயற்சியிலே பியேத்கா, சியோம்கா என்ற இரு சிறுவர்கள் அவரோடு சேர்கிறார்கள். மனிதர் ஒருவர் அவசரத்திற் பெண்ணின் மேலங்கியை அணிந்துகொண்டு வெளியே வருவதாக எழுதவேண்டும் என்று பியேத்கா வற்புறுத்துகிறான். அந்த ஒரு விவரத்தால் அம்மனிதரின் வறுமையும் வீட்டு நிலையும் அக்கணத்தின் பரபரப்பும் ஒருங்கே தோன்றுவதைக் கண்டு பெரும் எழுத்தாளர் வியந்து நிற்கிறார். கேதேயினாலும் எட்டமுடியாத உயரமென்று அவர் சொல்வதை மிகை எனக் கழித்தாலும், எஞ்சும் உண்மை பெரிது: உழைக்கும் மக்களின் பிள்ளையிடம் அனுபவம் இருக்கிறது, அனுபவத்தைத் தெரிந்தெடுத்துச் சொல்லும் ஆற்றலும் இருக்கிறது. அவனுக்கு இல்லாதது எழுத்தும் ஓய்வும் கேட்பதற்கு ஓர் ஆளும்.

ஆயினும் டால்ஸ்டாயின் பார்வை பள்ளியின் வாயிலோடு நின்றுவிடுகிறது. முப்பது பிள்ளைகளிற் பெண்பிள்ளைகள் மூவர் முதல் ஐவர் வரையே என அவர் கணக்கிடுகிறார். மற்றப் பெண்பிள்ளைகள் எங்கே என்று அவர் ஆராய்ந்து செல்வதில்லை. குழந்தை இயல்பாகவே நிறைவுடையது, கல்விதான் அதனைக் கெடுக்கிறது என்ற முடிவை நோக்கி அவர் சாய்கிறார். நிலமும் நூலகமும் பிறப்போடு வாய்த்தவர்க்கு இது சொல்ல எளிது. உழுபவனின் மகனுக்கோ எழுத்தும் கணக்கும் சட்டமும் தற்காப்புக் கருவிகள். அவற்றைத் தேடிச் செல்வதற்கு விருப்பம் மட்டும் போதாது. உரிமையும் ஒழுங்கும் வேண்டும்.

பள்ளியின் முடிவும் பாடம் புகட்டுவதே. 1862 கோடையில் டால்ஸ்டாய் ஊரில் இல்லாதபோது பொலிஸார் அவரது பண்ணையைச் சோதனையிட்டனர். அவ்வாண்டு செப்டெம்பரில் அவர் மணம் முடித்தார், பள்ளியும் ஓய்ந்தது. கல்வியை அவர் மறந்துவிடவில்லை. 1872இல் பிள்ளைகளுக்கான அரிச்சுவடி நூலை வெளியிட்டார். ஆனால் ஒரு நிலவுடைமையாளரின் நல்லெண்ணத்தால் திறந்த கதவு அவருடைய வாழ்க்கை மாறியபோது மூடிக்கொண்டது. பியேத்கா என்று கட்டுரையில் வரும் வசீலி மொரோசோவ் பிற்காலத்தில் குதிரைவண்டி ஓட்டிப் பிழைத்தார். முதுமையில் தம் ஆசிரியரைப் பற்றிய நினைவுக்குறிப்புகளை அன்போடு எழுதினார். மேதை எனப் போற்றப்பட்ட சிறுவனுக்குச் சமுதாயம் கொடுத்த இடம் வண்டியின் முன்னாசனம். இதனை எழுத வேறொருவகை நூல் தேவைப்பட்டது.

அவ்வகை நூலே ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’. லொரென்சோ மிலானி என்ற குருவானவர் 1954இல் தஸ்கனி மலைப்பகுதியிலுள்ள பார்பியானா என்ற மிகச்சிறு ஊருக்கு அனுப்பப்பட்டார். அங்கே, பள்ளிகள் கழித்துவிட்ட உழவர் பிள்ளைகளைச் சேர்த்து அவர் ஒரு பள்ளி நடத்தினார். அதற்கு விடுமுறை இல்லை. மூத்தவன் இளையவனுக்குக் கற்பித்தான், பத்திரிகை பாடநூலாயிற்று. அங்கு பயின்ற எட்டுச் சிறுவர்கள் கூடி எழுதிய இக்கடிதம் 1967 மே மாதம் வெளிவந்தது. அடுத்த மாதமே மிலானி காலமானார்.

எழுதிய முறையே இதன் தத்துவத்தை உணர்த்தும். ஒவ்வொருவனும் தன் எண்ணங்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதுகிறான். சீட்டுகள் மேசைமீது பரப்பப்பட்டு வகைப்படுத்தப்படுகின்றன. மிகையானவை நீக்கப்படுகின்றன, ஒரே வாக்கியத்தைப் பலர் திருத்துகிறார்கள். டால்ஸ்டாயின் மேசையருகே ஒரு மேதையைத் தேடிய கண் இங்கில்லை. எட்டுப் பேரும் சேர்ந்தே எழுத்தாளர். வைத்தியரின் மகனான பியரினோவும் உழவனின் மகனான ஜியான்னியும் நூல் முழுவதும் எதிரெதிரே நிற்கிறார்கள். முன்னவன் வாசிக்கத் தெரிந்தே முதலாம் வகுப்புக்கு வருகிறான். வீட்டிலே பேசும் மொழிதான் பள்ளியின் மொழி. பின்னவனின் பேச்சு பள்ளியிலே பிழையாகிவிடுகிறது. ஆரம்பப்பள்ளியின் முதல் வகுப்பொன்றை எடுத்து, ஆண்டுதோறும் அதிலிருந்து எவர் மறைகிறார், மறைந்தவர் எவருடைய பிள்ளை என்று அச்சிறுவர்கள் எண்ணிச் செல்கிறார்கள். ஆசிரியையின் இடாப்பில் வெறும் கோடாக இருந்தது இங்கே ஒரு பிள்ளையாகிறது. எண்கணிதம் இலக்கியமாகும் அரிய காட்சி இது.

இந்நூலிலும் குறையுண்டு. கோபம் ஆசிரியையின்மீதே குவிகிறது. ஆசிரியையும் கூலிக்கு உழைப்பவள். மேலிருந்து வரும் பரீட்சைக்கும் பாடத்திட்டத்துக்கும் கட்டுப்பட்டவள் என்பது போதிய அளவு உணரப்படவில்லை. எனினும் குற்றஞ்சாட்டும் உரிமை அச்சிறுவர்க்கு உண்டு. அதனை மறுமொழியாக எழுதவேண்டியவர்கள் ஆசிரியர்களே.

நமது நாட்டுக்கு இவ்விரு நூல்களும் சொல்வது என்ன? கன்னங்கரா கல்வி மந்திரியாக இருந்த காலத்தில், 1945இல், இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அது மக்களின் பெருவெற்றி. ஆனால் கட்டணம் நீங்கியவுடன் வகுப்பறையிற் சமத்துவம் வந்துவிடவில்லை. தோட்டப் பள்ளிகளிற் பெரும்பாலானவை 1970களில்தான் அரசின் பொறுப்புக்கு வந்தன. அதுவரை ஓராசிரியரும் ஒரு கொட்டகையுமே பல தோட்டங்களிற் பள்ளியென வழங்கின. யாழ்ப்பாணத்தில் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சம ஆசனத்தில் இருக்கவேண்டும் என்ற உத்தரவு வந்தபோது பள்ளிகள் சில எரிக்கப்பட்டன. 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கிய டொமினிக் ஜீவா ஐந்தாம் வகுப்போடு பள்ளியை நீங்கியவர், சாதியைச் சுட்டிய வசை அதற்குக் காரணமாயிற்று. அவருடைய வகுப்பின் இடாப்பு அதனை எவ்வாறு குறித்திருக்கும்? ‘இடைவிலகல்’ என்ற ஒரு சொல்லுக்கு மேல் அங்கே இடமிருந்திராது. அச்சொல்லுக்குள் மறைந்ததை அவர் தாமே எழுதவேண்டியிருந்தது.

இன்று ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சை வகுப்பறை வாரத்தை ஆள்கிறது. வறிய பிள்ளைக்கு உதவிப் பணமும் நல்ல பாடசாலையில் இடமும் கிடைக்க வழிசெய்வது அதன் நோக்கம். நடைமுறையிலோ மாதிரி வினாத்தாள், புள்ளி, மீண்டும் மாதிரி வினாத்தாள் என வாரம் கழிகிறது. தனிவகுப்புக்குப் பணமுள்ள வீடு முந்துகிறது. சித்தியடைந்தவரின் படங்கள் மதிலிலே தொங்குகின்றன. மற்றவர்களுக்கு மதிலில் இடமில்லை. இப்பொழுது நமது சிறுகதையின் அச்சு ஏன் நிலைத்திருக்கிறது என்பது விளங்கும். முன்னேறிய ஒருவனைக் கொண்டாடும் கதை, முன்னேறாத முப்பதுபேரைப் பற்றி வாசகன் கேளாதபடி அவனைத் திருப்திப்படுத்துகிறது. மதிலிலுள்ள படமும் அக்கதையும் ஒரே வேலையைச் செய்கின்றன.

ஆசிரிய எழுத்தாளர்களிடம் நாம் வேண்டுவது பெரிய காவியமன்று. ஒரு வாரத்தை உண்மையாக எழுதுக. எப்பாடம் தோற்றது, எக்காரணத்தால் தோற்றது என்பதை டால்ஸ்டாய் எழுதிய நேர்மையோடு எழுதுக. பிள்ளை சொன்ன சொல்லைப் பிள்ளையின் பேச்சிலேயே, திருத்தாது குறித்துக்கொள்க. வியாழக்கிழமை வராதவன் எங்கே போனான், கொழுந்து பறிக்கும் தாய்க்குப் பதிலாகக் கைக்குழந்தையைப் பார்த்தானா, தகப்பனோடு கடற்கரையில் வலை இழுத்தானா என்று பார்பியானாச் சிறுவரைப்போல விசாரித்து எழுதுக. ஆசிரிய கலாசாலைகளிற் பயிலும் இளைஞர்கள் தமது கற்பித்தற் பயிற்சிக் காலத்திலேயே இதனைத் தொடங்கலாம். அதற்கு ஓர் அப்பியாசக் கொப்பி போதும். இடாப்பு வெள்ளிக்கிழமை மாலை மூடப்படும்பொழுது அந்தக் கொப்பி திறக்கப்படட்டும்.