சக்கின் முகம் கடைசியில்தான்

தில்லி மாயாபுரியின் பழைய இரும்புச் சந்தையில், கையால் ஓட்டும் 450-க்கு 150 மி.மீ. சர்ஃபேஸ் கிரைண்டர் ஒன்றை வீட்டுப் பட்டறைக்குத் தேடுகிறவர் பெயர்ப்பலகையைப் பார்ப்பார். 1943இல் தொடங்கிய செகந்திராபாத் ப்ராகா டூல்ஸ் பெயர் இருந்தால் நம்பிக்கை கூடும். அந்தக் காலத்து வார்ப்பிரும்பு அந்த நம்பிக்கைக்குத் தகுந்ததே. அடுத்து, வீல் தலையில் டயலை மாட்டி, மேக்னடிக் சக்கின் முகத்தில் முள்ளை வைத்து, மேசையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்டுவார். முள் அசையவில்லை என்றால் பேரம் முடிந்துவிடும். இந்தச் சோதனை மெஷினைப் பற்றி எதையுமே நிரூபிப்பதில்லை.

காரணம், அந்தச் சக்கின் முகத்துக்கு கிரைண்டிங் பிடித்தது பெரும்பாலும் அதே மெஷின்தான். சாடிலின் தடங்கள் தேய்ந்து மேசை வில் போல ஏறி இறங்கி ஓடினால், அந்த வளைவு அப்படியே சக்கில் பதிந்துவிடும். டயலும் அதே வளைவின் மேல்தான் போகிறது. முள் எப்படி அசையும்? நான்கு மூலையிலும் நடுவிலும் சிறு கட்டைகளை வைத்து கிரைண்ட் செய்து, ஐந்தும் ஒரே உயரம் என்று மைக்ரோமீட்டரில் பார்த்துத் திருப்திப்படுவதும் இதே கணக்குத்தான். உயரம் சரியாக இருக்கும். நீளமான கட்டையில் முகம் வளைந்திருக்கும். 50 மி.மீ. கனமுள்ள நீளக் கட்டையை கிரைண்ட் செய்து, நீலச்சாயம் பூசிய சர்ஃபேஸ் பிளேட்டில் தேய்த்துப் பார்த்தால் குறை வெளிப்படும். அதைவிட எளிய வழி, மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் ஸ்பிரிட் லெவல். மெஷின் ஆடாமல் நிற்கும்படி முட்டுக் கொடுத்து, லெவலை மேசையில் நீளவாக்கில் வைத்து மெதுவாக நகர்த்த வேண்டும். 450 மி.மீ. ஓட்டத்தில் குமிழி ஒரு கோடு சீராக நகர்ந்தால் வளைவு ஏறக்குறைய 1 மைக்ரான். ஐந்து கோடு நகர்ந்தால் 5, 6 மைக்ரான். இந்தச் சோதனைக்குச் சக்கின் சாட்சியம் தேவையில்லை என்பதுதான் அதன் பலம்.

எனவே வாங்கி வந்ததும் சக்கின் முகத்தில் வீலை இறக்கும் வழக்கம் தவறு. முதலில் மேசையைத் தூக்கித் தடங்களைத் துடைக்க வேண்டும். பழைய எண்ணெயோடு கலந்த கிரைண்டிங் தூள் குழாய்களை அடைத்திருக்கும், அவற்றை ஊதித் திறக்க வேண்டும். தடங்களுக்கு 68-ஆம் தர ஸ்லைடுவே எண்ணெய் போதும். ஸ்பிண்டிலுக்கு அதையே ஊற்றக் கூடாது. பேரிங்கைப் பொறுத்து மெல்லிய எண்ணெயோ கிரீஸோ வேண்டும். பிறகு மூன்று புள்ளிகளில் நிறுத்திச் சமம் பார்ப்பது. சக்கை இறுக்கும் போல்ட்டுகளை அளவுக்கு மீறி முடுக்கினால் சக்கே வளையும் என்பதையும் மறக்கக் கூடாது.

இத்தனை செய்தும் தில்லியின் வெயில் குறுக்கே நிற்கிறது. மே மாதப் பகல் 40 டிகிரியைத் தாண்டும், ஜனவரி இரவு 7-க்கு இறங்கும். ஆனால் மெஷின் முழுவதும் ஒரே சூட்டில் இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் பெரிய தொல்லை இல்லை. தொல்லை, மேலுக்கும் கீழுக்கும் உள்ள வேறுபாடு. 75 மி.மீ. கனமும் 450 மி.மீ. நீளமும் உள்ள இரும்புச் சக்கின் மேல்முகம் கீழ்முகத்தைவிட 1 டிகிரி கூடுதலாகச் சூடேறினாலே, நடுப்பகுதி ஏறக்குறைய 4 மைக்ரான் எழும்பும். ஜன்னல் வெயில் சக்கில் விழுவதும், மின்காந்தச் சக்கை மணிக்கணக்கில் போட்டு வைப்பதும் போதும், லெவல் வைத்துச் சேர்த்த துல்லியம் போய்விடும். நிரந்தரக் காந்தச் சக் இந்த விஷயத்தில் மேல். ஏ.சி. கட்டாயமில்லை, நிழலும், ஸ்பிண்டிலை அரை மணி நேரம் முன்னதாக ஓட விடும் பொறுமையும் வேண்டும். கூலரை மட்டும் அந்த அறையில் வைக்கவே கூடாது. அதன் ஈரக்காற்று தடங்களில் துருவைக் கொண்டுவரும்.

மின்சாரத்திலும் ஓர் அபாயம் இருக்கிறது. 230 வோல்ட் ஒற்றைப் பேஸ் வீட்டில் மூன்று பேஸ் மோட்டாரை ஓட்ட, மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றும் வி.எஃப்.டி. மாட்டுகிறோம். 200 மி.மீ. வீல் நிமிடத்துக்கு 2,800 சுற்றில் ஓடும்போது விளிம்பின் வேகம் நொடிக்கு 29 மீட்டர். வி.எஃப்.டி.யை 50-லிருந்து 60 ஹெர்ட்ஸுக்குத் திருப்பினால் அது 35 ஆகும். 33 மீட்டர் என்று அச்சிட்ட வீலுக்கு அது எல்லை மீறிய வேகம். வீல் உடைந்தால் எதிரே நிற்பவர் உயிருக்கு ஆபத்து. 50-இல் பூட்டி வையுங்கள். மாட்டுமுன் வீலைத் தட்டி ஓசை கேளுங்கள், விரிசல் இருந்தால் கணீரென்று ஒலிக்காது.

இவ்வளவு பாடு எதற்கு, நாராயணாவிலோ ஓக்லாவிலோ ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்தால் முடிந்தது என்பார்கள். மாதம் ஒன்றிரண்டு துண்டுகள் மட்டும் என்றால் அவர்கள் சொல்வதே சரி. வீட்டு வேலைக்கு 5 மைக்ரான் ஒரு பொருட்டா என்ற கேள்விக்கும் நேரான பதில் உண்டு: 0.02 மி.மீ. போதும் என்பவருக்கு மில்லிங் மெஷினே போதும், அரை டன் இரும்பை வீட்டுக்குள் இறக்க வேண்டியதில்லை. டை, கேஜ், வைஸ் என்று தொடர்ந்து செய்கிறவருக்கும், தரைத்தளத்தில் வெயில் விழாத அறை உள்ளவருக்கும் இந்தப் பழைய மெஷின் தாராளமாக வாங்கத் தக்கது, லெவல் சோதனையில் தேறினால். சக்கின் முகத்துக்கு கிரைண்டிங் பிடிப்பதை நவம்பருக்கு ஒத்திப்போடுங்கள். கூலரும் ஓடாது, ஹீட்டரும் எரியாது. உலகம் முழுவதும் அளவியலுக்கு வைத்திருக்கும் 20 டிகிரியைத் தில்லியின் சராசரி ஒட்டி நிற்கும் மாதம் அது.