கூதிர்கால எண்ணெய்க் குளியலை ரசிப்பது எப்படி?

ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த பழந்தமிழ் மரபில், ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த கூதிர்காலமே குளிர்நாட்டார் இலையுதிர்காலம் என்று வழங்கும் பருவத்தோடு ஏறத்தாழ ஒத்துப்போகிறது. எனினும் தமிழகத்தில் இது வடகிழக்குப் பருவமழை இறங்கி, வாடைக்காற்று வீசும் காலமாகும். இப்பருவத்தில் உடலைப் பேணுவதற்கென வழிவழியாக வந்த முறைகளுள் எளிமையும் இன்பமும் ஒருங்கே அமைந்தது எண்ணெய்க் குளியல். தீபாவளி விடியலில் உச்சந்தலையில் ஒரு கரண்டி எண்ணெய் வைத்து உடனே கழுவிவிடும் சடங்காக அது பல வீடுகளில் சுருங்கிவிட்டது வருந்தத்தக்கது. ஏனெனில் அரைநாளை அதற்கென்றே ஒதுக்குபவருக்குத்தான் அதன் சுவை பிடிபடும்.

அச்சுவை அடுப்படியிலேயே தொடங்குகிறது. எள்ளைச் செக்கில் ஆட்டும்போது எண்ணெய் தெளிந்து பிரிவதற்காகக் கருப்பட்டி சேர்ப்பார்கள். அவ்வாறு ஆட்டிய நல்லெண்ணெயை இரும்புக் கரண்டியில் ஊற்றி, நாலைந்து மிளகும் ஒரு சிட்டிகைச் சீரகமும் போட்டு இளந்தீயில் காய்ச்சும்போது, முதலில் எள்மணம் மட்டுமே எழுந்து, சீரகம் பொரிந்ததும் அதன் மணமும், சற்றுப் பின்னர் மிளகின் காரநெடியும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்வதைப் பிரித்துணர முடியும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பின் உச்சியில் வைத்து, காதுமடல், பிடரி, முழங்கால், உள்ளங்கால் என்று இறங்கித் தேய்க்கையில், தொடக்கத்தில் வழுக்கிய உள்ளங்கை மெல்லமெல்லத் தோலைப் பற்றத் தொடங்கும் நிலையைக் கவனிக்க வேண்டும். குழந்தைகளுக்கு மூக்கில் எண்ணெய் விடும் வழக்கத்தை மட்டும் அறவே கைவிட வேண்டும். அது நுரையீரலுக்குள் இறங்கி அழற்சியை உண்டாக்கக்கூடும்.

அரைமணி நேரம் ஊறிய பின் வெந்நீரும் சீயக்காயும் வருகின்றன. சீயக்காயிலும், கொங்கு வட்டாரத்தார் விரும்பும் உசிலையிலைப் பொடியாகிய அரப்பிலும், நீரில் நுரைத்து எண்ணெயைக் கரைக்கும் சப்போனின் என்னும் இயற்கைப் பொருள் உண்டு. ஷாம்பூவைவிட மென்மையாகச் செயல்படுவதால் அது எண்ணெயை முற்றிலும் நீக்காமல் தோலில் மெல்லிய பூச்சாக எஞ்சவிடுகிறது. குளித்த பின்னும் தோல் வறளாமல் இருப்பதற்கு இதுவே காரணம் என்பதால், இறுதியில் ஷாம்பூ போட்டு அலசுவது இவ்வளவு நேர உழைப்பையும் வீணாக்குவதாகும். ஈரக்கூந்தலை விரித்துத் தூபக்காலில் சாம்பிராணிப் புகை காட்டுவது மழைநாளில் தலை உலர உதவுவதோடு, சீயக்காயின் புளிப்பு மணத்தின்மீது பிசின் மணத்தையும் ஏற்றுகிறது.

ஆயினும் இக்குளியலின் சிறந்த பகுதி அதற்குப் பின்னரே வருகிறது. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் முதலியவற்றை அரைத்து வெல்லமும் நெய்யும் சேர்த்துக் கிளறிய தீபாவளி லேகியத்தில் ஒரு சுண்டைக்காய் அளவை விழுங்கிவிடாமல் நாவில் கரையவிட்டால், இனிப்பு அடங்கிய பிறகு காரம் தொண்டையில் எழுவது தெரியும். நண்பகலுக்கு மிளகு ரசமும் சூடான சோறும் போதுமானவை. எண்ணெய் தேய்த்தால் வெந்நீரில் குளிக்க வேண்டும் என்றும், பகலில் உறங்கலாகாது என்றும் தேரையர் பெயரால் வழங்கும் சித்த மருத்துவ விதிகள் கூறுகின்றன. கண்ணைச் செருகவைக்கும் அந்த அசதியைத் தூக்கத்தில் இழந்துவிடாமல், திண்ணையிலோ சன்னலோரத்திலோ விழித்தபடி அமர்ந்து, கைகால்கள் தளர்ந்து கிடக்கும் சுகத்தை அனுபவிப்பவர் அன்றிரவு வழக்கத்தைவிட முன்னதாகவே படுக்கையை நாடுவார்.