வேட்டைக்காரனும் வாங்குபவனும்

காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர் என் தாத்தா. சுருக்கு வைத்துக் காட்டுப்பன்றி பிடிப்பார். கறி லயம் முழுக்கப் பங்கு போகும், விற்றதில்லை. பள்ளியில் ‘புலால் மறுத்தல்’ மனப்பாடம் செய்த வாரம் அவரிடம் போய், "நீங்க செய்றது பாவம் தாத்தா" என்றேன். "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அதன்பிறகு கறி சாப்பிடும்போது என் எதிரில் அவர் உட்கார்ந்ததில்லை.

இன்று அந்த அதிகாரத்தைத் திரும்ப வாசிக்கையில் நான் தவறான ஆளிடம் பேசிவிட்டதாகத் தோன்றுகிறது. 256ஆம் குறள் வேடனைப் பற்றியதே அல்ல. தின்பதற்காகக் கொல்லும் உலகம் இல்லையென்றால், விலைக்கு ஊன் தருபவரும் இருக்கமாட்டார் என்பது அதன் வாதம். கொலை முன்னால் நடக்கிறது, தின்பது பின்னால்தானே, அது எப்படிக் கொலைக்குக் காரணமாகும் என்று கேட்பவனுக்கான பதிலாகவே பரிமேலழகர் இதற்கு உரை எழுதுகிறார். "நாம கொல்லலயே, வாங்கத்தானே செய்றோம்" என்கிற நம் சமாதானத்துக்கு வயது அவ்வளவு.

இந்த அதிகாரம் துறவறவியலில் இருக்கிறது, இல்லறத்தானுக்கு அல்ல என்று தப்பிக்கலாம். ஆனால் இந்தக் குறள் துறவியை அல்ல, உலகத்தையே எழுவாயாக வைக்கிறது. சந்தைக்குப் போகும் எல்லோரும் அதில் அடக்கம்.

நம் நாட்டின் 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இதே இடத்தில் கோடு போடுகிறது. பூர்வகுடியினர் குடும்ப உணவுக்காகக் குறிப்பிட்ட சில விலங்குகளை வேட்டையாடலாம், விற்கக் கூடாது. அறநூலும் சட்டமும் விலை என்ற ஒரு சொல்லில் வந்து சந்திக்கின்றன.

இதனால் தாத்தா விடுதலையாகிவிடவில்லை. சுருக்கில் மாட்டிய பன்றி விடியும்வரை துடிக்கும். ‘கொல்லாமை’ அதிகாரம் அவரை நேராகவே கேட்கும். ஆனால் அவர் அந்தத் துடிப்பைப் பார்த்தவர். அதைப் பற்றி ஒருநாளும் பெருமை பேசாதவர்.

நான் பிரிக்பீல்ட்ஸில் வாழை இலை போட்டு ஆட்டுப் பெரட்டல் கேட்பவன். எங்கிருந்தோ உறைந்து வந்த ஆடு. யார் அறுத்தார் என்று கேட்டதில்லை. பத்துக் குறளையும் இன்றும் தடுமாறாமல் சொல்வேன். தாத்தாவுக்கு ஒரு குறளும் தெரியாது. அன்று எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியவர் அவரல்ல.