சொல்லாமல் விட்டதும் கேளாமல் போனதும்: ‘ஓட் டு பில்லி ஜோ’ கதைப்பாடலின் பின்புலமும் வரவேற்பும்

ஆய்வுச் சுருக்கம்

பாபி ஜென்ட்ரி எழுதிப் பாடி 1967இல் வெளிவந்த ‘ஓட் டு பில்லி ஜோ’ என்னும் அமெரிக்கக் கதைப்பாடல், ஓர் இளைஞனின் தற்கொலைச் செய்தியை ஒரு குடும்பத்தின் பகலுணவுப் பேச்சின் வழியாகச் சொல்கிறது. சாவுக்கான காரணம் பாடலில் இல்லை. அதனால் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இப்பாடல் ஒரு விடுகதையாகவே வாசிக்கப்பட்டு வருகிறது. அவ்வாசிப்பு, பாடல் காட்டும் அலட்சியத்தைக் காணத் தவறுவதோடு அதையே மீண்டும் நிகழ்த்துகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: கதைப்பாடல், கன்ட்ரி இசை, பாபி ஜென்ட்ரி, எச்சம், கூற்று, வரவேற்பு

முன்னுரை

அமெரிக்கக் கன்ட்ரி இசையின் வேர்களுள் ஒன்று, பிரித்தானியத் தீவுகளிலிருந்து குடியேறியோர் கொண்டுவந்த கதைப்பாடல் மரபு. கொலை, காதல், மறைவு, தண்டனை ஆகியவை அம்மரபின் வழக்கமான பொருள்கள். அதில் மறைபொருள் இருந்தாலும் கேட்போருக்கு அது பெரும்பாலும் உரைக்கப்பட்டுவிடும். 1959இல் லெஃப்டி ஃபிரிசல் பாடிய ‘லாங் பிளாக் வெய்ல்’ இதற்குத் தக்க சான்று. செய்யாத கொலைக்காகத் தூக்கிலிடப்பட்டவன், தான் அன்றிரவு நண்பனின் மனைவியோடு இருந்ததை ஊரிடம் மறைக்கிறான். இறந்தபின் நம்மிடம் சொல்கிறான். ஊர் அறியாததை நாம் அறிகிறோம். ஜென்ட்ரியின் பாடல் இந்த உரிமையைக் கேட்போருக்கு வழங்கவில்லை. அதன் புதுமையும் அது பெற்ற வரவேற்பின் சிக்கலும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

பின்புலம்

ராபர்ட்டா ஸ்ட்ரீட்டர் என்னும் இயற்பெயர் கொண்ட ஜென்ட்ரி, மிசிசிப்பி மாநிலத்தின் சிக்கசா மாவட்டத்தில் பிறந்து, இளமையைத் தாத்தா பாட்டியின் பண்ணையில் கழித்தவர். பதின்பருவத்தில் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார். 1967இல் கேப்பிட்டல் நிறுவனத்துக்காக இப்பாடல் பதிவு செய்யப்பட்டது. அவரது குரலுக்கும் கித்தாருக்கும் ஜிம்மி ஹாஸ்கெல் நரம்பிசைப் பின்னணி சேர்த்தார். ‘மிசிசிப்பி டெல்டா’ என்னும் பாடலின் மறுபக்கத்துக்கென ஒதுக்கப்பட்டிருந்த இதுவே முன்னுக்கு வந்தது. ஆகஸ்ட் இறுதியில் பில்போர்டு பொதுத் தரவரிசையில் முதலிடம் பெற்று நான்கு வாரங்கள் நிலைத்தது. கன்ட்ரி தரவரிசையிலோ 17ஆம் இடத்தைத் தாண்டவில்லை. கதைப்பாடல் மரபைத் தன்னுடையதாகக் கருதிய களத்தைவிடப் பொதுக்களமே இதை விரைந்து ஏற்றது என்பது கருதத்தக்கது.

கூற்றும் எச்சமும்

பாடலில் ஐந்து பத்திகள் உள்ளன. ஜூன் 3ஆம் நாள். பருத்திக் காட்டில் களைவெட்டிய மகளும் உலர்புல் கட்டிய மகனும் பகலுணவுக்கு வீடு திரும்புகின்றனர். டல்லஹாச்சி பாலத்திலிருந்து பில்லி ஜோ குதித்துவிட்டான் என்னும் செய்தியைத் தாய் சொல்கிறாள். தந்தை அவனை அறிவற்றவன் என்று ஒரு சொல்லில் தள்ளிவிட்டு, ரொட்டியைக் கேட்கிறார். உழவேண்டிய நிலத்தை நினைவூட்டுகிறார். அண்ணன் பழைய குறும்பொன்றை நினைவுகூர்ந்து, இன்னொரு துண்டு ஆப்பிள் பை கேட்கிறான். இளம்போதகர் ஒருவர், மகளைப் போன்ற ஒரு பெண்ணும் பில்லி ஜோவும் பாலத்திலிருந்து எதையோ எறிந்ததைக் கண்டாராம். அதுவும் பேச்சோடு பேச்சாக வந்து போகிறது.

பாடல் முழுவதும் மகளின் கூற்று. ஆயினும் தன் துயரைப் பற்றி அவள் ஒரு சொல்லும் உரைப்பதில்லை. பிறர் பேசியதை மட்டுமே எடுத்துரைக்கிறாள். அவள் உணவைத் தொடவில்லை என்பதைத் தாயின் வாய்மொழியாகவே அறிகிறோம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் ‘உண்டியிற் குறைதல்’ என்று பெயரிடும் குறி அது. தாய் குறியைக் காண்கிறாள், பொருளைக் காணவில்லை. காலை முழுதும் சமைத்தது வீணாயிற்றே என்பதே அவள் கவலை.

செய்யுளியல் எச்சத்தைச் செய்யுள் உறுப்புகளுள் ஒன்றாக எண்ணுகிறது. சொல்லாலோ குறிப்பாலோ கேட்போர் நிறைவு செய்யவேண்டிய பகுதி அது. இப்பாடலில் அத்தகைய இடங்கள் இரண்டு: எறியப்பட்ட பொருள் எது, குதித்த காரணம் எது என்பது ஒன்று, மகளின் துயரம் மற்றொன்று. முன்னதை நிறைவு செய்யப் பாடலில் எந்தக் குறிப்பும் இல்லை. பின்னதற்கு ஒவ்வொரு பத்தியிலும் குறிப்பு உண்டு. ஆகவே எச்சம் என்று கொள்ளத்தக்கது பின்னதே.

வரவேற்பு

வரவேற்போ முன்னதையே பற்றிக்கொண்டது. எறியப்பட்டது மோதிரமா, மலரா, குழந்தையா என்னும் ஊகங்கள் பெருகின. அவை தம் நோக்கில் இரண்டாம்பட்சமே என்று ஜென்ட்ரி விளக்கியுள்ளார். ஒரு சாவுக்கு மக்கள் எவ்வாறு எதிர்வினை புரிகின்றனர் என்பதும், பொது இழப்பு நேர்ந்தும் தாயும் மகளும் ஒருவர் துயரை ஒருவர் அறியாதிருப்பதும் அவர் சுட்டிய கருப்பொருள்கள். இறுதிப் பத்தி இதை உறுதி செய்கிறது. ஓராண்டு கழிகிறது, தந்தை நோயில் இறந்துவிட்டார், அண்ணன் மணமுடித்து டுபெலோவில் கடை வைத்துவிட்டான். தாய் எதிலும் நாட்டமின்றிக் கிடக்கிறாள். மகள் மலர் பறித்துப் பாலத்திலிருந்து ஆற்றில் இடுகிறாள். இருவரும் ஒரே வீட்டில் தனித்தனியே துக்கம் காக்கின்றனர்.

1976இல் மேக்ஸ் பேர் ஜூனியர் இயக்கி, ஹெர்மன் ரவுச்சர் திரைக்கதை எழுதிய திரைப்படம் இரு வினாக்களுக்கும் விடை தந்தது. எறியப்பட்டது பொம்மை, காரணம், மது மயக்கத்தில் ஓர் ஆணுடன் நேர்ந்த உறவினால் எழுந்த குற்றவுணர்வு. விடை கிடைத்ததும் உணவு மேசை பின்னணியாகச் சுருங்கிவிடுகிறது. பாடலில் முதன்மை பெற்ற அலட்சியம் படத்தில் துணைச்செய்தியாகிறது.

மற்றொரு வாசிப்பு இடத்தை முன்வைக்கிறது. பாடலோடு இணைத்துப் பேசப்படும் பாலம் மிசிசிப்பியின் மணி என்னும் சிற்றூரருகே இருந்து 1972இல் இடிந்து விழுந்தது. அதே ஊரின் கடையொன்றில் நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு சந்திப்பைக் காரணமாக்கி, 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில் 1955இல் கடத்திக் கொல்லப்பட்டான். உடல் டல்லஹாச்சி ஆற்றில் கிடைத்தது. வெள்ளையர் மட்டுமே அமைந்த நடுவர் குழு குற்றஞ்சாட்டப்பட்ட இருவரையும் விடுவித்தது. பாடலை அந்நிகழ்வின் உருவகமாகக் கொள்ளப் பனுவலில் சான்றில்லை. அவ்வாறு கொள்வதும் திரைப்படம் செய்ததைப் போன்ற இன்னொரு விடையாகிவிடும். எனினும் ஓர் இளம் உயிரின் சாவைக் கடந்து அன்றாடம் இயல்பாகத் தொடர்வதன் கொடுமை அந்த ஆற்றங்கரைக்குப் புதிதன்று என்னும் அளவில் இவ்வாசிப்பு பயனுடையது.

முடிவுரை

மேசையில் இருந்தோர் பில்லி ஜோவைப் பற்றிப் பேசினர்; பக்கத்தில் உண்ணாமல் இருந்தவளைக் கேட்கவில்லை. விடுகதைக்கு விடை தேடியோரும் அவனைப் பற்றியே பேசினர், பாடிக்கொண்டிருந்தவளைக் கேட்கவில்லை. எச்சம் என்பது வெற்றிடமன்று. குறிப்பு சுட்டும் திசையில் கேட்போர் செல்லவேண்டிய வழி. அத்திசையை விட்டு விலகிய வரவேற்பும் பாடலின் பொருளுக்குச் சான்றாகவே அமைகிறது. வாய்மொழிக் கதைப்பாடல்களை ஆராய்வோர், கதையில் என்ன நிகழ்ந்தது என்று கேட்பதோடு, கதை கூறுபவர் எதைக் கூறாமல் தாங்கிநிற்கிறார் என்றும் கேட்டல் வேண்டும் என்பதை இப்பாடல் உணர்த்துகிறது.