சேந்தமங்கலத்துத் தாமரைகள்

கொச்சி நெடும்பாசேரியில் இறங்குகிற நம்மூர் ஐயப்ப சாமிகள் நேரே வேன் ஏறிவிடுகிறார்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே, கேரளத்துச் சேந்தமங்கலத்தில் பழைய யூத ஜெபக்கூடம் ஒன்று சின்ன அருங்காட்சியகமாக இருக்கிறது. எட்டிப் பார்ப்பவர் குறைவு. ஈப்போக்காரர்களுக்கு அருகிலுள்ள யூதத் தடயம் என்றால் பினாங்கு ஜாலான் ஜைனல் அபிடின் கல்லறைத் தோட்டந்தான். கல்லறையில் பெயரும் தேதியும் கிடைக்கும். அந்த யூதர்கள் எதை அழகென்று நினைத்தார்கள் என்பது கிடைக்காது. அதற்குச் சேந்தமங்கலம் போகவேண்டும்.

வாசலிலேயே 1269ஆம் ஆண்டுக் கல் ஒன்று நிற்கிறது. இஸ்ரவேல் மகள் சாராவின் நடுகல். இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய எபிரேயக் கல்வெட்டு இதுதான் என்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனதும் தலையை நிமிர்த்துங்கள். மர விதானத்தைக் கட்டங்கட்டமாகப் பிரித்து, வண்ணம் பூசிய தாமரைகளை வைத்திருக்கிறார்கள். யூத வழிபாட்டிடத்தில் சாமி உருவம் ஆகாது. கோயில் மண்டபத்தில் பழகிய உள்ளூர்த் தச்சனுக்கு அது ஒரு தடையாகவே தெரிந்திருக்காது போலும். தெய்வங்களை விட்டுவிட்டுப் பூவை மட்டும் எடுத்துக்கொண்டான். அத்தனை நிறம் இருந்தும் கண்ணை உறுத்தவில்லை. கீழே சுண்ணாம்புச் சுவர் வெறும் வெள்ளையாக இருப்பதுதான் காரணம். நம் கோயில்களுக்குப் புதுப் பெயின்ட் அடிப்பவர்கள் இந்த ஒன்றுக்காகவாவது வந்து பார்க்கலாம்.

எனக்கு இதைவிடப் பிடித்தது மேல்மாடம். வேதச் சுருளை வாசிக்கும் மேடை மற்ற இடங்களில் பொதுவாக ஜெபக்கூடத்துக்கு ஒன்றுதான். கேரளத்தில் இரண்டு. கூடத்தின் நடுவில் ஒன்று. வாசலுக்கு மேலே, மாடியில் இன்னொன்று. ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் மாடி மேடையிலிருந்து வாசிப்பார்கள். அதன் பின்னால் மரச்சல்லடைக்கு அப்பால் பெண்கள் பகுதி. ஆக, விசேஷ நாளில் வேதம் ஓதுகிற குரல் பெண்களுக்குத்தான் பக்கம், கீழே இருக்கும் ஆண்களுக்குத் தூரம். ஏன் இப்படிக் கட்டினார்கள் என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம். அந்தப் பெண்கள் மலையாளத்தில் தங்களுக்கென்று பாட்டுகள் வைத்திருந்தார்கள், நோட்டுப் புத்தகங்களில் எழுதிக் கைமாற்றினார்கள் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது.

1950களில் கேரள யூதர்களில் பெரும்பாலானவர்கள் இஸ்ரேல் போய்விட்டார்கள். மட்டாஞ்சேரி கடவும்பாகம் ஜெபக்கூடத்தின் உள் மரவேலையைக் கழற்றிக் கொண்டுபோய் ஜெருசலேம் அருங்காட்சியகத்தில் மறுபடி பூட்டியிருக்கிறார்கள். தோட்டத் துண்டாடலுக்குப் பிறகு சாமியை மட்டும் எடுத்துக்கொண்டு தாமானுக்குப் போன பேராக் சனங்களுக்கு வழிபாட்டிடத்தைக் கூடவே கொண்டுபோகிற இந்த ஏக்கத்தை விளக்கவேண்டியதில்லை. பழுதுபார்க்க ஆள் இல்லாத மரம் கேரள மழையில் எத்தனை நாள் நிற்கும் என்பதும் நியாயமான கேள்விதான். ஆனாலும் சேந்தமங்கலத்துத் தாமரைகளை, அவற்றைச் செதுக்கிய ஊரிலேயே வைத்துப் பார்ப்பதற்கு ஈடில்லை.

மட்டாஞ்சேரி பரதேசி ஜெபக்கூடத்துக்குத்தான் கூட்டம் போகிறது. 1568இல் கட்டியது, தரையில் கையால் நீல வண்ணம் தீட்டிய சீன ஓடுகள். ஈப்போப் பழைய டவுன் அஞ்சடியில் ஓடு பார்த்தே வளர்ந்தவர்கள் அங்கே குனிந்தபடியேதான் நடப்பார்கள். யோசேப் ரப்பானுக்குச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் சுமார் 1000ஆம் ஆண்டில் கொடுத்த செப்பேடும் அங்கேதான் இருக்கிறது. வட்டெழுத்து. பகல்விளக்கு, பல்லக்கு, குடை, முரசு என்று 72 உரிமைகள்.

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்துப் பரவூரிலும் இன்னும் பெரிய ஜெபக்கூடம் ஒன்று உண்டு. அதை முதலில் பார்த்துவிடுங்கள். சேந்தமங்கலத்து விதானத்தைப் பார்த்துவிட்டு அங்கே போனால் கொஞ்சம் சப்பென்றிருக்கும்.